பூட்டப்பட வேண்டியது எது?

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

வீடு என்று ஒன்று இருந்தால் அதற்கு வாசல் உண்டு. வாசல் இருந்தால் கதவு உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாளும் உண்டு. நம் திருக்கழுக்குன்றத்தில் ஓட்டு வீடாயினும் மாடி வீடாயினும், இரவில் வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து சென்று தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்த பிறகே படுக்கைக்குச் செல்கிறார். அப்படித் தொட்டுப் பார்ப்பதால் அடுத்த வீட்டுக்காரரைத் திருடர் என்று அவர் சொல்லிவிட்டதாக யாரும் கோபித்துக் கொள்வதில்லை. பூட்டுவது வீட்டின் வழக்கம், அவ்வளவுதான்.

சில ஆண்டுகளாக நம் வீடுகளுக்குப் புதிய வாசல் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு நிலைப்படி இல்லை. முன்னால் கோலமும் இல்லை. கண்ணுக்கும் அது தெரிவதில்லை. அதுவே வைஃபை என்னும் கம்பியில்லா இணைய இணைப்பு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, இன்று பத்தாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் நாங்கள் சிறுமியர். பாடம் கைபேசி வழியே நடந்தது. பிள்ளைகளின் படிப்புக்காகவே பல வீடுகளில் ரூட்டர் என்னும் அந்தச் சிறு பெட்டி சுவரில் ஏறியது. பள்ளிகள் மீண்டும் திறந்தன. பெட்டி மட்டும் இறங்கவில்லை. இன்று அப்பாவின் கடைக் கணக்கும், அம்மாவின் மின்கட்டணமும், அண்ணனின் விளையாட்டும், பாட்டியின் நெடுந்தொடரும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன.

அந்த வாசலுக்கு நாம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறோமா? இது என் முதற் கேள்வி. தாழ்ப்பாள் போடாமல் விட்டுவிட்டு, அதனால் வரும் துன்பத்துக்காக வேறு யாரையேனும் பூட்டி வைக்கிறோமா? இது என் இரண்டாம் கேள்வி. இவ்விரண்டையும் பற்றி என் எளிய கருத்தை அருட்சகோதரியர் முன்பும், பெற்றோர் முன்பும், தோழியர் முன்பும் வைக்க விரும்புகிறேன்.

அலைக்குச் சுவர் உண்டா?

கம்பி வழியே செல்லும் செய்தியை ஒருவன் திருட வேண்டுமானால் கம்பியைத் தேடி வரவேண்டும். அலை வழியே செல்லும் செய்தி அவனைத் தேடித் தானே செல்கிறது. நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் 1890களிலேயே கல்கத்தாவில் கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளைச் சுவரினூடே செலுத்தி, தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அன்று மக்கள் வியந்த அதே தன்மைதான் இன்று நம் கவலைக்கும் காரணமாகிறது. கூடத்தில் இருக்கும் பெட்டியின் அலை சமையலறையில் நின்றுவிடுவதில்லை; சுவரைத் தாண்டி அடுத்த வீட்டிற்கும், மாடிக்கும், தெருவுக்கும் செல்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய நம் ஊர் வீடுகளில் இதைச் சொல்லவும் வேண்டுமா?

கம்பியில்லாச் செய்தியில் பிறர் குறுக்கிடலாம் என்பது புதிய செய்தியும் அன்று. 1903ஆம் ஆண்டு லண்டனில், மார்க்கோனியின் கருவி பாதுகாப்பானது என்று அறிஞர் பெருமக்கள் முன்னிலையில் விளக்கிக் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்நேரத்தில் நெவில் மாஸ்கெலின் என்ற செப்படி வித்தைக்காரர் வெளியிலிருந்து தம் சொந்த அலைகளை அனுப்பி, அக்கருவியிலேயே கேலிச் சொற்களை வரச் செய்துவிட்டார். கம்பியில்லாத் தந்தி பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது! ஆகவே அலைக்குச் சுவர் கிடையாது; நாம்தான் அதற்குப் பூட்டுப் போடவேண்டும். அந்தப் பூட்டின் பெயர் கடவுச்சொல். அந்தச் சொல்லை அறியாதவருக்கு அலை கிடைத்தாலும் பொருள் கிடைக்காதபடி, செய்தியைப் புரியாத எழுத்துகளாக மாற்றிவிடும் முறைக்கு மறைகுறியாக்கம் என்று பெயர்.

நவி மும்பையில் நடந்தது

“எங்கள் வீட்டில் திருட என்ன இருக்கிறது? யாரோ ஒரு பையன் எங்கள் நெட்டில் நாலு படம் பார்த்தால் குடியா மூழ்கிவிடும்?” என்று கேட்பவர் பலர். படம் பார்ப்பதோடு நின்றால் குடி மூழ்காதுதான். நிற்காமற் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது.

2008ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் அகமதாபாத் நகரில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று வந்திருந்தது. அது எங்கிருந்து அனுப்பப்பட்டது என்று காவல்துறையினர் தேடினர். தேடல் அவர்களை நவி மும்பையில் சான்பாடா பகுதியிலிருந்த ஓர் அடுக்குமாடி வீட்டு வாசலில் கொண்டு போய் நிறுத்தியது. அங்கே குடியிருந்தவர் அமெரிக்க நாட்டவர் ஒருவர். அவருடைய கணினி எடுத்துச் செல்லப்பட்டது. அவர் விசாரணைக்கு உள்ளானார். முடிவில் தெரிய வந்தது என்னவென்றால், மின்னஞ்சலை அனுப்பியவர் அவர் அல்லர். அவருடைய வைஃபை பிறர் நுழையக்கூடிய நிலையில் இருந்ததால், குற்றவாளிகள் வெளியிலிருந்தே அதைப் பயன்படுத்திக் கொண்டனர் என்பதே. அடுத்து வந்த வாரங்களில் மும்பையில் ஒரு கல்லூரியின் இணைப்பும், ஒரு நிறுவனத்தின் இணைப்பும் இதே முறையில் பயன்படுத்தப்பட்டன.

காவல்துறையினர் ஏன் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்கள்? இணையத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் எண்களால் ஆன முகவரி ஒன்று உண்டு. பொதுவாக, ஒரு வீட்டுக்குள் எத்தனை கருவிகள் இருந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது அந்த ஒரே முகவரிதான். அப்பா அனுப்பினாரா, மகள் அனுப்பினாளா, மதிலுக்கு வெளியே நின்ற முகமறியாத ஒருவன் அனுப்பினானா என்று அந்த எண்ணைக் கொண்டு சொல்ல முடியாது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கேட்பார்கள். நிரபராதி என்று தெரியும் வரையில் அந்தக் குடும்பம் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். ஊரார் வாயை மூட முடியுமா? செய்தித்தாளில் வந்த பெயரை அழிக்க முடியுமா?

இந்நிகழ்ச்சிக்குப் பின் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மும்பைக் காவலர்கள் மடிக்கணினியுடன் தெருத் தெருவாகச் சென்று, பூட்டப்படாத வைஃபை எங்கெல்லாம் இருக்கிறது என்று கண்டறியத் தொடங்கினர். தொலைத்தொடர்புத் துறையும் அவ்வாண்டிலேயே வைஃபையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது குறித்து இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல்கள் விடுத்தது. பிறருடைய இணைப்பில் அனுமதியின்றி நுழைவது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தவறாகும். பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு அதன் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆனால் சட்டம் வந்து சேர்வது திருட்டு நடந்த பிறகுதான். தாழ்ப்பாள் அதற்கு முன்பே இருக்கவேண்டியதன்றோ?

உள்ளே நுழைந்தவன் வேறு என்ன செய்வான்?

இன்று வங்கி முதலிய பெரும்பாலான இணையதளங்கள் தம் செய்திகளைத் தாமே மறைகுறியாக்கம் செய்து அனுப்புகின்றன. ஆகையால் வைஃபையில் நுழைந்த ஒருவன் நம் வங்கிக் கணக்கை உடனே படித்துவிட முடியாது. இது ஆறுதலான செய்தி. ஆனாலும் கவலை தீர்ந்துவிடவில்லை. ரூட்டருக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று, இணைப்பில் சேர்வதற்கான கடவுச்சொல். மற்றொன்று, அந்தப் பெட்டியின் அமைப்பையே மாற்றுவதற்கான நிர்வாகக் கடவுச்சொல். இரண்டாவது சாவியைப் பற்றிப் பல வீடுகளில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது பெரும்பாலும் எல்லோரும் எளிதில் ஊகிக்கும் சொல்லாகவே இருக்கும். அது கையில் கிடைத்தவன், நாம் வங்கியின் பெயரைத் தட்டினால் போலிப் பக்கத்துக்குப் போகும்படி பெட்டியையே மாற்றி வைக்கலாம்.

வீட்டு வாசலிலும் மாட்டுக் கொட்டகையிலும் பொருத்தியிருக்கும் கண்காணிப்புக் கேமராக்களும் இதே அலையில்தான் இயங்குகின்றன. 2016ஆம் ஆண்டு ‘மிராய்’ என்ற தீய நிரல் உலகெங்கும் பல லட்சம் கேமராக்களையும் ரூட்டர்களையும் தன் வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவற்றின் மூலமே பெரும் தாக்குதல் நடத்தப்பட்டு, அமெரிக்காவில் பல புகழ்பெற்ற இணையதளங்கள் பல மணி நேரம் செயலிழந்தன. அந்நிரலிடம் இருந்த ஆயுதம் என்ன தெரியுமா? தொழிற்சாலையில் வைக்கப்பட்ட கடவுச்சொற்கள் அறுபதுக்குச் சற்று அதிகமாக இருந்த ஒரு பட்டியல்! அந்தச் சொற்கள் மாற்றப்பட்டிருந்தால் அந்தப் பட்டியல் பயனற்ற காகிதமாகியிருக்கும். இந்த அனுபவங்களுக்குப் பிறகு கலிபோர்னியா மாநிலத்தில் 2020ஆம் ஆண்டு முதலும், பிரிட்டனில் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதலும், எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து விற்கக் கூடாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. வாங்குபவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, விற்பவருக்கும் கடமை உண்டு என்பதை அந்நாடுகள் உணர்ந்துவிட்டன.

பெண்ணைப் பூட்டுவது தீர்வாகுமா?

இப்பொழுது என் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். இணையத்தால் ஆபத்து என்று கேள்விப்பட்டவுடன் நம் வீடுகளில் முதலில் நடப்பது என்ன? பெட்டியின் கடவுச்சொல் மாறுகிறதா? இல்லை. பெண்ணின் கையிலிருக்கும் கைபேசி பறிக்கப்படுகிறது!

எனக்குத் தெரிந்த தோழி ஒருத்தியின் வீட்டில் மாதத்தின் முதல் பதினைந்து நாட்களுக்குள்ளாகவே இணையத்தின் அளவு தீர்ந்து, வேகம் குறைந்துவிட்டது. “எந்நேரமும் நீதான் பார்த்துக் கொண்டிருக்கிறாய்” என்று அவளைக் கடிந்து, கைபேசியை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டார்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கிக் கொண்டிருந்த நேரம். மாலை வேளையில் அவள் கேட்டுவந்த கணக்குப் பாடம் நின்றது. அவளுடைய தம்பியின் கைபேசியை யாரும் தொடவில்லை. அடுத்த மாதமும் அளவு அதேபோல் விரைவில் தீர்ந்தது. பிறகு ஊரிலிருந்து வந்த அத்தை மகன் ரூட்டரைத் திறந்து, அதில் சேர்ந்திருந்த கருவிகளின் பட்டியலைப் பார்த்தார். வீட்டில் இருந்தவை நான்கு. பட்டியலில் இருந்தவை பதினொன்று! அந்த வீட்டு வைஃபையின் கடவுச்சொல் என்னவென்றால் அவளுடைய அப்பாவின் கைபேசி எண். அந்த எண்ணோ அவருடைய கடைப் பலகையில் சாலையில் போவோர் வருவோரெல்லாம் படிக்கும்படி பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. கடவுச்சொல் அன்றே மாற்றப்பட்டது. கைபேசியும் பீரோவிலிருந்து வெளியே வந்தது. இரண்டு மாதப் பாடத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பெற்றோர்களே, நீங்கள் எங்கள் மீதுள்ள அன்பினால்தான் அஞ்சுகிறீர்கள் என்பதை நாங்கள் நன்கு அறிவோம். கைபேசியில் நேரத்தை வீணாக்கும் மாணவியர் எங்களுள் இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. அதற்கு அளவும் நேரமும் வகுப்பது உங்கள் உரிமை. அது மகனுக்கும் மகளுக்கும் பொதுவாக இருக்கட்டும். ஆனால் அது வேறு, பாதுகாப்பு வேறு. மகளின் கைபேசி பீரோவில் இருந்தாலும் பெட்டியின் அலை தெருவில்தான் இருக்கிறது. கேமரா விழித்துக் கொண்டுதான் இருக்கிறது. இணைப்பு அப்பாவின் பெயரில்தான் இருக்கிறது. கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வீட்டுப் பெண்ணை அறைக்குள் வைத்துப் பூட்டினால் திருடன் வராமல் இருப்பானா? பாடம் இழந்ததுதான் மிச்சமாகும். பூட்டப்பட வேண்டியது பெட்டியே. பெண் அல்லள் என்பது என் துணிபு.

அடுத்த வீட்டாருக்குக் கொடுக்கக் கூடாதா?

“கறிவேப்பிலையும் காப்பித்தூளும் கேட்டால் கொடுக்கிறோம். பாஸ்வேர்டு கேட்டால் இல்லை என்பதா? அயலாரிடம் அன்பு காட்டும்படி பள்ளியில் கற்பிக்கவில்லையா?” என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. சித்திரைத் திருவிழாவுக்கு உறவினர் வந்து இறங்கினால், தண்ணீர் கேட்கும் முன்பே வைஃபை கேட்கிறார்கள். மாமல்லபுரத்துக்கு வரும் பயணிகளுக்கு அறை விடும் வீடுகளிலும் அப்படியே. இல்லை என்று சொல்வது நம் பண்பாகாது.

ஆனால் கறிவேப்பிலைக்கும் கடவுச்சொல்லுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கறிவேப்பிலை ஒரு குழம்போடு தீர்ந்துவிடும். கடவுச்சொல் ஒருவரிடமிருந்து அவர் நண்பருக்கும், அவரிடமிருந்து மற்றவருக்கும் போய்க்கொண்டே இருக்கும். அது வீட்டுச் சாவி போன்றது. அன்புள்ள அயலாருக்கு நாம் திண்ணையில் இடம் தருகிறோம். பீரோச் சாவியைத் தருவதில்லையே! இன்றைய ரூட்டர்கள் பலவற்றில் அந்தத் திண்ணைக்கும் ஏற்பாடு இருக்கிறது. விருந்தினர் இணைப்பு என்று தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொண்ட மற்றோர் இணைப்பை அதே பெட்டியில் அமைக்கலாம். அதில் சேர்பவருக்கு இணையம் கிடைக்கும். நம் வீட்டுக் கணினியும் கேமராவும் அவருக்கு எட்டா. விருந்தினர் விடைபெற்றதும் அச்சொல்லை மாற்றிவிடலாம் அல்லது அதை நிறுத்திவிடலாம். அடுத்த வீட்டுச் சிறுமிக்குப் படிப்புக்காக இணையம் தேவையா? நம் கூடத்துக்கே வந்து நம்மோடு உட்கார்ந்து படிக்கட்டும். அதைவிட நல்ல அயலுறவு வேறு உண்டோ?

செய்ய வேண்டியவை

இவற்றைச் செய்யப் பொறியியல் பட்டம் தேவையில்லை. அரை மணி நேரமும், ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கும் கண்ணும் போதும். அச்சீட்டில் உள்ள முகவரியை வீட்டு வைஃபையில் சேர்ந்த கைபேசியில் தட்டினால் பெட்டியின் உட்பக்கம் திறக்கும்.

முதலாவதாக, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றவேண்டும். இது பெட்டியின் தலைமைச் சாவி.

இரண்டாவதாக, வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றவேண்டும். கைபேசி எண், வண்டி எண், பிள்ளையின் பெயர், பிறந்த நாள் ஆகியவை ஆகா. ஏன் என்பதை நம் வகுப்புக் கணக்கைக் கொண்டே பார்க்கலாம். நாள், மாதம், ஆண்டு சேர்த்துப் பிறந்த நாளை எட்டு இலக்கமாக எழுதினால் நீளமாகத் தோன்றும். ஆனால் நூறு ஆண்டுகளில் உள்ள நாட்கள் சுமார் 36,500 மட்டுமே. கணினிக்கு அது ஒரு பொருட்டே அன்று. ஒழுங்கில்லாமல் அமைந்த எட்டு ஆங்கில எழுத்துகள் என்றால் 26ஐ எட்டு முறை பெருக்கவேண்டும். விடை 20,000 கோடிக்கும் மேல்! ஒவ்வோர் எழுத்தைக் கூட்டும்போதும் அது 26 மடங்கு பெருகும். ஆகவே நீளமே வலிமை. வைஃபைக் கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்தும், கூடியது 63 எழுத்தும் கொண்டிருக்கலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நமக்கு மறக்காது, பிறருக்கு எட்டாது.

மூன்றாவதாக, பூட்டின் வகையைப் பார்க்கவேண்டும். முதன்முதலில் வந்த டபிள்யூ.இ.பி. என்ற முறையின் குறைகள் 2001ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டுவிட்டன. அது பெயருக்குத்தான் பூட்டு. 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்காவதாக, டபிள்யூ.பி.எஸ். என்னும் வசதியை நிறுத்திவிட வேண்டும். கடவுச்சொல் தட்டாமலே கருவியைச் சேர்க்க உதவும் எட்டு இலக்க எண் முறை அது. கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவதால், முயன்று பார்க்க ஒரு கோடி எண்கள் உண்டு என்று தோன்றும். ஆனால் பழைய பெட்டிகள் முதல் நான்கு இலக்கம் சரியா என்பதைத் தனியே சொல்லிவிடுகின்றன. ஆகவே முதற்பாதிக்கு 10,000, மறுபாதிக்கு 1,000, ஆக 11,000 முயற்சிகளே போதும் என்று 2011ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. முன்வாசலில் பெரிய பூட்டைத் தொங்கவிட்டுப் பின்வாசலில் சணல் கயிற்றைக் கட்டிய கதைதான்!

ஐந்தாவதாக, பெட்டியின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். நல்ல பூட்டிலும் பழுது வரும். 2017ஆம் ஆண்டு டபிள்யூ.பி.ஏ. 2 முறையிலேயே ஒரு குறையைப் பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்தார். புதுப்பித்த கருவிகளில் அக்குறை நீங்கியது.

ஆறாவதாக, மாதம் ஒரு முறை பெட்டியில் சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்க்கவேண்டும். ஒரு காலத்தில் நம் மலைக்கு உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து உணவு உண்டு சென்றதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வந்தவை இரண்டு என்று எல்லோரும் எண்ணிப் பார்த்தார்கள். கழுகின் பெயரைக் கொண்ட ஊரில் வாழும் நாம், நம் வீட்டு அலையில் வந்து உண்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இத்தனையும் செய்துவிட்டால் எல்லா ஆபத்தும் நீங்கிவிடும் என்று நான் கூறவில்லை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ரகசிய எண்ணைக் கேட்பவனிடம் நாமே சொல்லிவிட்டால் எந்தப் பூட்டும் உதவாது. அப்படிப் பணம் இழந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தாழ்ப்பாள் போட்ட வீட்டிலும் விழிப்பு வேண்டும். விழிப்பு இருக்கிறது என்பதற்காகத் தாழ்ப்பாள் இல்லாமலும் இருக்கக் கூடாது.

யார் செய்வது?

இணைப்புக் கொடுக்க வருபவர் அவசரத்தில் கைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அப்பாவுக்கு நேரமில்லை, அம்மா “எனக்கு அதெல்லாம் தெரியாது” என்கிறார். அப்படியானால் யார் செய்வது? நாம்தான் செய்யவேண்டும், தோழியரே! கணிப்பொறி வகுப்பில் நாம் படிப்பது தேர்வுத்தாளுக்கு மட்டுமா? தையல் வகுப்பில் கற்றதைக் கொண்டு வீட்டில் கிழிந்த துணியைத் தைக்கிறோம். கணிப்பொறி வகுப்பில் கற்றதைக் கொண்டு வீட்டு அலையில் உள்ள கிழிசலைத் தைக்கக் கூடாதா?

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். புதிய கடவுச்சொல்லை நாம் ரகசியமாக வைத்துக் கொள்ளலாகாது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அம்மாவுக்கும் என்று அழுத்திச் சொல்கிறேன். வீட்டின் எல்லாச் சாவியும் அம்மாவின் இடுப்பில் இருக்கும்போது இந்தச் சாவி மட்டும் ஏன் அவர் அறியாததாக இருக்கவேண்டும்? எழுதிய தாளைப் பெட்டியின் மேல் ஒட்டாமல், நிலப்பத்திரமும் ரேஷன் அட்டையும் இருக்கும் இடத்தில் வைத்தால் போதும். மகள் மறைக்கவில்லை என்று பெற்றோர் காணும்போது, மகளை மறைத்து வைக்க வேண்டும் என்ற எண்ணமும் குறையும்.

நம் பள்ளிக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு நாள், பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடைபெறும் நாளிலேயே, ஒரு மேசையில் ஒரு ரூட்டரை வைத்து, பத்தாம் வகுப்பு மாணவியர் பெற்றோருக்கு இந்த ஆறு செயல்களையும் செய்து காட்ட அருட்சகோதரியர் அனுமதி தரவேண்டும். பெரும் செலவு ஏதுமில்லை. ஒரு மேசையும், அரை மணி நேரமும், கேட்கும் காதுகளும் போதும். அந்த மேசையின் முன் தன் மகள் நின்று தெளிவாக விளக்குவதை ஒரு தந்தை பார்த்துவிட்டால், “இவளுக்கு எதற்கு இணையம்?” என்ற கேள்வி அவர் நாவில் மீண்டும் எழுமா?

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை என்பார்கள் பெரியோர். காவல்துறை வாசலுக்கு வருவதற்கு முன்பும், கைபேசி பீரோவுக்குள் போவதற்கு முன்பும் இதைச் செய்வோம். இம்மலர் உங்கள் கைக்கு வந்த வாரத்தின் சனிக்கிழமையே நல்ல நாள். முதலில் நம் வீடு. அடுத்து பாட்டி வீடு. பிறகு கேட்பவர் அனைவரின் வீடு. அலைகள் தெருவெங்கும் உலவட்டும். நம் வீட்டின் அமைதியும் நற்பெயரும், நம் படிப்பும் நமக்கே பத்திரமாக இருக்கட்டும்.